மூன்றாம் அத்தியாயம்: பேஸ் கிதாரில் இரு கைகளின் நிலையும் மீட்டும் முறையும்

பாட்டு ஒன்றைக் கேட்கிறவர் மனத்தில் முதலில் பதிவது பாடகரின் குரல். அடுத்துப் பதிவன குழலும் வயலினும் தபேலாவும். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பேஸ் கிதாரின் ஒலியைத் தனியே பிரித்துக் கேட்பவர் மிகச் சிலரே. எனினும் அந்த ஒலி இடையிலே நின்றுவிடுமானால், காரணம் இன்னதென்று சொல்லத் தெரியாதவருக்கும் பாட்டு நிலைகொள்ளாமல் அலைகிறது என்னும் உணர்வு உடனே உண்டாகிவிடும். சுருதிக்கும் லயத்துக்கும் ஒருசேரப் பொறுப்பேற்று நிற்பது இவ்வாத்தியத்தின் தர்மம்.

அந்தத் தர்மத்தை நிறைவேற்றுகிறவை இரண்டு கைகள். வலக்கை ஒரு ஸ்வரத்தைப் பிறப்பிக்கிறது. இடக்கை அதற்கு ஸ்தானம் வகுப்பதோடு, அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எந்தக் கணத்தில் அடங்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. தொடக்க மாணவர் பலர் ஸ்வரத்தைத் தொடங்குவதில் காட்டும் அக்கறையை முடிப்பதில் காட்டுவதில்லை. ஆகவே ஸ்வரங்கள் சரியாக இருந்தும், தாளம் தவறாமல் இருந்தும், அவர்கள் வாசிப்பு கலங்கலாகவே கேட்கிறது. இந்த அத்தியாயம் கைகளை வைக்கும் நிலையையும் தந்தியை மீட்டும் முறையையும் விவரிக்கிறது. ஒலியின் தொடக்கமும் முடிவும் வாசிப்பவரின் வசத்தில் இருக்க வேண்டும் என்னும் ஒரே நோக்கத்துக்காகவே இதிலுள்ள விதிகள் யாவும் சொல்லப்படுகின்றன.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைக் கற்கப் புகுவோர், இந்த வாத்தியம் நமக்கு அந்நியமானது என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. திருவிழா மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களிலும், தேவாலயங்களின் பாடகர் குழுக்களிலும், பேஸ் கிதார் வாசிப்பவருக்கு ஓர் இடம் காத்திருக்கிறது. ரமண மகரிஷியிடம் கொண்ட பக்தியால் ‘ரமண மாலை’ என்னும் இசைத்தொகுப்பை அளித்த இளையராஜா, 1976-ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’யின் மூலம் திரையுலகில் புகுந்தது முதல், பேஸ் கிதாரைப் பாட்டின் கீழே இன்னொரு பாட்டாகவே அமைத்து வந்திருக்கிறார். அவர் குழுவில் சசிதரனும், ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்கள் பலவற்றில் கீத் பீட்டர்ஸும் வாசித்தவற்றைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இவ்வூரிலே தோன்றியவர் என்று மரபு போற்றும் அருணகிரிநாதர் சந்தம் என்னும் பெருநிதியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். கை அப்பியாசத்துக்கு அதைவிடச் சிறந்த துணை கிடைப்பது அரிது என்பதை இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் காண்போம்.

வாத்தியம் உடலில் அமரும் விதம்

நாம் இன்று வாசிக்கும் பேஸ் கிதாரின் பிரதானமான வடிவம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் வாத்தியத்திலிருந்து வந்தது. அதற்கு முன் கீழ்ஸ்தாயிக்குப் பயன்பட்ட டபுள் பேஸ், ஆள் உயரத்துக்கு மேல் நின்று, ஃப்ரெட்டுகள் இல்லாத பலகையின்மேல் காதை மட்டுமே நம்பி வாசிக்கப்படுவது. ஃபெண்டரின் வாத்தியமோ தோளில் மாட்டிக்கொள்ளத்தக்கது, ஃப்ரெட்டுகள் உடையது, தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். சாதாரணக் கிதாரைக் காட்டிலும் நீளமும் கனமும் மிகுந்த இதை உடலில் சரியாக அமர்த்திக்கொள்ளாதவர், கைகளைப் பற்றிய விதிகளை எத்தனை முறை படித்தாலும் பயன் அடையார்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் அல்லது முக்காலியில், முதுகை நிமிர்த்தி, இரு பாதங்களும் தரையில் பதியுமாறு உட்காருங்கள். வாத்தியத்தின் வளைந்த இடை வலத்தொடையின்மேல் அமரட்டும். உட்கார்ந்து வாசிக்கும்போதும் தோள்பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நின்றாலும் வாத்தியம் அதே உயரத்தில் இருக்கும்படி பட்டையின் நீளத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து பழகிய உயரம் வேறாகவும் மேடையில் நின்று வாசிக்கும் உயரம் வேறாகவும் இருந்தால், மணிக்கட்டின் வளைவு மாறி, பழகிய விரல்கள் பழகாத விரல்கள் ஆகிவிடும். மேடையில் வாத்தியத்தை முழங்காலளவு தொங்கவிட்டுக்கொள்வது பார்வைக்கு எடுப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்நிலையில் இடக்கை மணிக்கட்டு மடங்கி நோகும்.

கழுத்துப் பகுதி தரைக்கு இணையாகக் கிடக்காமல், அதன் தலைப்பகுதி ஏறத்தாழத் தோளின் உயரத்துக்கு வரும்படி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்நிலை அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு: இடக்கையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். வாத்தியம் அசையாமல் நின்றால் நிலை சரி. தலைப்பகுதி கீழே இறங்குமானால், வழுக்காத அகலமான பட்டை ஒன்றை வாங்கி மாட்டுவதோடு, வலக்கை முன்னங்கையை வாத்தியத்தின் உடல்மேல் லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்குவது இடக்கையின் வேலையன்று. தாங்கும் கை சுதந்திரமாக நகர முடியாது.

இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இங்கே கூறப்படும் இடம் வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அவ்வாறு வாசிப்பவரே. சிறுவர்க்கும் கை சிறியவர்க்கும் 30 அங்குல நீளமுள்ள வாத்தியங்களும் கிடைக்கின்றன.

இடக்கை

கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தில், அதன் நடுப்பகுதியில், நடுவிரலுக்கு ஏறக்குறைய நேர் எதிரே, விரற்பரப்பு பட்டும் படாமலும் பதியட்டும். கொய்யாப்பழம் ஒன்றை நசுக்காமல் கையில் ஏந்தும்போது விரல்கள் எந்த அளவுக்கு வளைந்திருக்குமோ அந்த அளவு வளைவு போதும். உள்ளங்கை கழுத்தின் அடிப்புறத்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. இடையிலே ஒளி புகும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். மணிக்கட்டு, முன்னங்கையோடு கூடியவரை நேர்கோட்டில் நிற்கட்டும்.

விரல் பதியும் இடம் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நட்ட நடுவிலும் அன்று, ஃப்ரெட் கம்பியின் தலைமேலும் அன்று. கம்பிக்குச் சற்றே பின்னால், அதை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். கம்பியை விட்டு விலகிப் பின்னே போகப் போக, அதே ஒலிக்கு அதிக பலம் தேவைப்படும். ‘கிர்’ரென்ற இரைச்சலும் கலக்கும். கம்பியின் மேலேயே விரல் ஏறினால் ஒலி மங்கி அடைபடும்.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்ல முடியாது, தந்தியே சொல்லும். மிக மெல்லிய தந்தியாகிய ஜி தந்தியில், ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை அழுத்தாமல் வெறுமே வைத்து, வலக்கையால் ஒரே சீராக மீட்டிக்கொண்டிருங்கள். முதலில் ‘டொக்’கென்ற உயிரற்ற சப்தம் வரும். இனி இடக்கையின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் இரைச்சலோடு ஸ்வரம் தலைகாட்டும். இன்னும் சிறிதே கூட்டினால் அது தெளிந்து நிற்கும். அங்கே நிறுத்துங்கள். அந்த அழுத்தமே தேவையானது. அதற்கு மேல் செலுத்துவதெல்லாம் வீண் செலவு. பெரும்பாலான மாணவர்கள் இச்சோதனையைச் செய்து பார்த்ததும், தாம் அதுவரை எவ்வளவு வீணாக அழுத்தி வந்தோம் என்று வியப்படைகிறார்கள். நாள்தோறும் வாத்தியத்தை எடுத்தவுடன் இதைச் செய்வது, கைக்குத் தன் அளவை நினைவூட்டும்.

விரல்களை எண்ணால் குறிப்பது வழக்கம்: ஆள்காட்டி 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்பது பொதுவான முறை. ஆனால் கழுத்தின் தலைப்பக்கத்தில் ஃப்ரெட்டுகள் அகன்றும் உடற்பக்கத்தில் நெருங்கியும் இருப்பதை மறக்கக் கூடாது. 34 அங்குல வாத்தியத்தில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவது ஃப்ரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 13 செ.மீ. இருக்க, ஐந்தாவதற்கும் எட்டாவதற்கும் இடையே 10 செ.மீ. அளவே உண்டு. ஆகையால் ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்னும் முறையை ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து தொடங்குங்கள். தலைப்பக்கத்தில் வாசிக்கும்போது, டபுள் பேஸ் ஆசிரியராகிய ஃபிரான்ஸ் சிமாண்டிலின் பெயரால் வழங்கும் முறையைக் கையாளலாம்: அதில் 1, 2, 4 ஆகிய விரல்கள் அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளில் நிற்க, மோதிரவிரல் சுண்டுவிரலுக்கு ஆதரவாக அதனோடு சேர்ந்து பதியும். கையை வலிந்து விரிப்பதைக் காட்டிலும், முழுக்கையையும் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு ஃப்ரெட் தூரம் நகர்த்துவதே மேல்.

வீணை பயின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீணையிலே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிறப்பிப்பது அழகு. பேஸ் கிதாரிலோ, தொடக்கத்தில் அப்பழக்கம் ஆகாது. தந்தி சிறிது விலகினாலும் ஸ்வரம் ஏறி, கூட வாசிக்கும் அனைவருக்கும் சுருதி பிசகியதாகத் தோன்றும். விரல் மேலிருந்து நேராக இறங்கி நேராக எழட்டும். எழும்போதும் பலகையிலிருந்து ஒரு விரற்கடைக்கு மேல் உயர வேண்டாம். தூரப் பறந்த விரல் திரும்பி வரக் காலம் பிடிக்கும்.

வலக்கை: விரல்களால் மீட்டல்

பேஸ் கிதாரின் நான்கு தந்திகளுள் தடித்ததாகிய ஈ தந்தி, திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதையடுத்த ஏ 55 முறை, டி 73 முறை, ஜி 98 முறை. இவ்வளவு மெதுவாக அதிரும் தந்திகள் அகலமாக ஊசலாடுகின்றன. முரட்டுத்தனமாக இழுத்தால் அவை ஃப்ரெட்டுகளில் மோதிச் சலசலக்கும். ஒலி பெரிதாக வேண்டுமானால் அதற்கு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. விரல் கொடுக்க வேண்டியது சமமான, நிதானமான இயக்கம்.

முன்னங்கையை வாத்தியத்தின் மேல்விளிம்பில் சாய்த்து, கை இயல்பாகத் தொங்கட்டும். மணிக்கட்டைக் கூர்மையாக மடக்காதீர்கள். தந்திகளுக்கு அடியிலுள்ள பிக்கப்பின் விளிம்பில் கட்டைவிரல் இளைப்பாறட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியைத் தொடும் நிலையில் இருக்க, மற்ற இரண்டும் அவற்றோடு இசைந்து தளர்ந்திருக்கட்டும். நடுவிரல் நீளமானதாகையால் அதைச் சற்று அதிகமாக வளைத்து, இரு நுனிகளும் தந்தியின்மேல் சமமாக நிற்கும்படி செய்யுங்கள். நகம் தந்தியில் படாதபடி வெட்டியிருப்பது நல்லது. நாதத்தின் உருட்சி சதையிலிருந்தே வருவது.

மீட்டும் இயக்கம் இவ்வாறு: விரல்நுனியின் சதை தந்தியின்மேல் அமர்கிறது, பிறகு விரல் தந்தியைக் கடந்து சென்று, அதற்கு அடுத்துள்ள தடித்த தந்தியின்மேல் போய்ச் சாய்ந்து நிற்கிறது. ஜி தந்தியை மீட்டிய விரல் டி தந்தியில் நிற்கும். டி தந்தியை மீட்டியது ஏ தந்தியில் நிற்கும். ஈ தந்தியை மீட்டிய விரல் நிற்கக் கட்டைவிரல் இடம் கொடுக்கும். தந்தியை வெளியே தூக்கிச் சுண்டிவிடுவது தவறு. அவ்வாறு செய்தால் ஒலி மெலிவதோடு, விரல் எங்கும் இளைப்பாறாமல் காற்றிலே அலையும். மேலும், விரல் சாய்ந்து நிற்கும் தந்தி அந்த ஸ்பரிசத்தாலேயே மௌனமாகிவிடுகிறது.

இரு விரல்களும் மாறி மாறி மீட்ட வேண்டும்: ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு. வீணையிலும் பிரதான தந்திகளை இவ்விரு விரல்களே மீட்டுகின்றன. டெட்ராய்ட் நகரத்து மோடவுன் ஒலிப்பதிவுகளில் அழியாப் புகழ் பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே வாசித்தார் என்பது உண்மை. எனினும் தொடக்க மாணவர் இரு விரல்களுக்கும் சம உரிமை அளித்துப் பழகுவதே வழி. இதற்கு ஒரே விதிவிலக்கு, மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும் சமயம்: அப்போது மீட்டிய விரல் ஏற்கெனவே அடுத்த தந்தியின்மேல் சாய்ந்து நிற்பதால், அதே விரலையே தொடர்ந்து இழுத்து அதையும் மீட்டிவிடலாம்.

எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பதும் நாதத்தின் குணத்தை மாற்றும். குதிரைக்கு அருகே தந்தி இறுகி நிற்பதால் ஒலி கூர்மையாகவும் சுருக்கமாகவும் வரும். கழுத்தை நோக்கி நகர நகர அது கனத்து, உருண்டு, மென்மை அடையும். விரைவான பாட்டுக்கு முன்னதும், தாலாட்டைப் போன்ற நிதானமான பாட்டுக்குப் பின்னதும் பொருந்தும். முதல் சில வாரங்கள் பிக்கப்பின் மேலேயே நிலைத்து வாசியுங்கள். ஒலி சமநிலை அடைந்த பிறகு இடம் மாற்றிக் கேளுங்கள்.

ஒலியை அடக்குதல்

நான்கு தந்திகளில் ஒன்று ஒலிக்கும்போது மற்ற மூன்றும் சும்மா இருப்பதில்லை. ஒன்றின் அதிர்வு மற்றவற்றையும் தூண்டிவிடும். வீட்டில் சிறிய ஆம்ப்ளிஃபயரில் தெரியாத இந்த முணுமுணுப்பு, திருவிழா மேடையின் பெரிய ஒலிபெருக்கிகளில் பேரிரைச்சலாகப் பெருகும். ஆகவே வாசிக்காத தந்திகளை மௌனமாக வைத்திருப்பதும் கைகளின் கடமையே.

வலக்கைக் கட்டைவிரல் பிக்கப்பிலேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. ஏ தந்தியை வாசிக்கும்போதே அதை ஈ தந்தியின்மேல் இறக்கிவிடலாம். டி தந்திக்குச் செல்லும்போது கட்டைவிரல் ஈ தந்தியை அடக்க, மீட்டிய விரல் ஏ தந்தியை அடக்கும். ஜி தந்திக்கு ஏறும்போது கட்டைவிரல் ஏ தந்திக்கு நகர்ந்து, தன் பக்கவாட்டால் ஈ தந்தியையும் தொட்டுக்கொண்டிருக்கும். இவ்வாறு தடித்த தந்திகளை வலக்கை காக்க, மெல்லிய தந்திகளை இடக்கை ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் லேசாகப் படிந்து காக்கும்.

ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தை முடிக்கும் விதமும் இடக்கையில் உள்ளது. விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, தந்தியைத் தொட்டபடியே இருங்கள். தந்தி ஃப்ரெட்டை விட்டு எழுந்ததும் ஒலி சுத்தமாக நின்றுவிடும். விரலை முழுவதும் எடுத்துவிட்டால், திறந்த தந்தியின் ஒலி அழையாமல் உள்ளே புகும்.

பிக் கொண்டு மீட்டல்

விரலால் வாசிப்பதே உயர்ந்தது, பிக் கொண்டு வாசிப்பது தாழ்ந்தது என்று சிலர் கருதுவதுண்டு, அதற்கு ஆதாரமில்லை. கிதார் வாசிப்பிலிருந்து பேஸுக்கு வந்த கரோல் கே, எண்ணற்ற அமெரிக்க ஒலிப்பதிவுகளில் பிக் கொண்டே வாசித்துப் பெயர் பெற்றார். பிக்கினால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் தெளிவான விளிம்போடு வரும். வேகமான பாட்டுகளுக்கு அது பெரிதும் உதவும்.

பேஸ் தந்திக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த பிக் வேண்டும்; மெல்லியது வளைந்துகொடுத்துக் காலத்தைத் தாமதப்படுத்தும். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டைவிரலால் மேலே மூடிப் பிடியுங்கள். நுனி சிறிதளவே வெளியே தெரியட்டும். அசைவு மணிக்கட்டிலிருந்து பிறக்க வேண்டும். முழங்கையிலிருந்து வீசினால் சில நிமிஷங்களிலேயே கை களைத்துப்போகும். முதலில் எல்லா அடிகளையும் கீழ்நோக்கியே அடித்து, ஒரே கனம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு கீழ், மேல் என்று மாற்றி அடித்து, கண்ணை மூடிக் கேட்டால் எது கீழடி எது மேலடி என்று தெரியாத அளவுக்குச் சமமாக்குங்கள். உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரையின் அருகே தந்திகளின்மேல் லேசாகப் பதித்து வாசித்தால், நாதம் பாதி அடங்கி, மிருதங்கத்தின் தொப்பியை நினைவூட்டும் கும்மென்ற ஒலி பிறக்கும்.

சந்தத்தால் செய்யும் அப்பியாசம்

அண்ணாமலையார் ஆலயத்தில் கம்பத்து இளையனார் சந்நிதிக்குச் செல்வோர், தூணிலே முருகன் தோன்றி அருணகிரிநாதருக்குக் காட்சி அளித்ததாக மரபு கூறும் இடத்தில் நிற்கிறார்கள். அவர் அருளிய திருப்புகழில் நமக்குக் கிடைத்திருக்கும் 1,300-க்கு மேற்பட்ட பாடல்கள், லய வேறுபாடுகளின் பெருங்களஞ்சியம். பாடலின் முகப்பில் தத்த, தந்த, தான, தனன என்னும் சொற்கட்டுகளால் சந்தம் குறிக்கப்பட்டிருப்பதை நூலைப் புரட்டியவர் அறிவர். இச்சொற்கட்டுகளை வாயால் சொல்லிக்கொண்டே கைகளால் வாசிப்பது, இரு கைகளுக்கும் ஒருசேரப் பாடமாகும்.

‘தத்த’ என்று சொல்லிப் பாருங்கள். வல்லின ஒற்றில் நாக்கு பல்லை அடைத்துக்கொள்ள, ஒரு கணம் முழு மௌனம் நிலவுகிறது. அதன் பிறகே இரண்டாவது ‘த’ வெடித்து வருகிறது. ‘தந்த’ என்று சொன்னால், மெல்லின ஒற்றில் ஒலி அறுபடாமல் மூக்கின் வழியே அடங்கித் தொடர்கிறது. ‘தான’ என்றாலோ, நெடில் திறந்து முழுமையாக நிற்கிறது. ஒலியின் முடிவு மூன்று விதம் என்பதை வாய் முன்பே அறிந்திருக்கிறது. அந்த அறிவை விரல்களுக்கு மாற்றுவதே நம் வேலை. ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரே ஸ்வரத்தை வைத்துக்கொண்டு, மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-இல் நிறுத்தி, பின்வருமாறு செய்யுங்கள்:

1. தான: முதல் ஸ்வரத்தை அடுத்த ஸ்வரம் வரும்வரை குறையாமல் ஒலிக்க விடுங்கள். இடக்கை கடைசிக் கணம்வரை அழுத்தியிருக்கட்டும்.

2. தத்த: முதல் ஸ்வரத்தை மீட்டிய உடனே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை நிறுத்துங்கள். இடையிலுள்ள மௌனம் தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டாவது ஸ்வரம் தன் காலத்துக்கு முன்னதாக விழக் கூடாது.

3. தந்த: ஒலியை வெட்டாமல், வலக்கையின் ஓரத்தை மெதுவாகத் தந்தியின்மேல் சாய்த்து, நாதம் தணிந்து தொடரும்படி செய்யுங்கள்.

4. மூன்றையும் கலந்து, தான தத்த, தந்த தான என்று நீங்களே வரிசைகள் அமைத்துக்கொள்ளுங்கள்.

வலக்கையின் இரு விரல்களையும் சமமாக்குவதற்கும் நம் தாளமுறையே வழி காட்டுகிறது. நான்கு நான்காக, தகதிமி என்று வாசித்தால், ஒவ்வொரு முறையும் முதலடி ஆள்காட்டி விரலுக்கே வந்து சேரும். அழுத்தம் கொடுக்கும் பொறுப்பு நடுவிரலுக்கு ஒருபோதும் வராததால் அது பலவீனமாகவே நின்றுவிடும். திஸ்ரமாக, தகிட தகிட என்று வாசியுங்கள். முதல் தகிட ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி என்று அமைந்தால், இரண்டாவது தகிட நடு, ஆள்காட்டி, நடு என்று தானாகவே மாறிவிடும். ஒரு முறை ஒரு விரலும் மறுமுறை மற்ற விரலும் முதலடியைச் சுமக்கும். ஐந்து எண்ணும் கண்டத்திலும், ஏழு எண்ணும் மிச்ரத்திலும் இதே நியாயம் செல்லும். முதலடிக்கு மட்டும் சிறிது கனம் கொடுத்து, எந்த விரல் அதைக் கொடுத்தாலும் ஒலி ஒன்றாக இருக்கிறதா என்று கவனித்து வாருங்கள்.

இந்த அப்பியாசத்துக்கு வாத்தியம் கையில் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம்கூட இல்லை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர், ஒவ்வோர் அடியையும் ஒரு தாளமாகக் கொண்டு, மனத்துக்குள்ளே தகிட என்றும் தகதகிட என்றும் சொல்லி, இரு விரல்களால் தொடையிலே மெல்லத் தட்டிக்கொண்டு நடக்கலாம். நடையின் லயம் மெட்ரோனோமின் லயத்தைவிட ஆழமாக உடம்பிலே ஊறும்.

வலியும் பராமரிப்பும்

முதல் சில வாரங்களில் இடக்கை விரல்நுனிகள் எரிவதும், பின்பு அங்கே தோல் தடிப்பதும் இயல்பு. மணிக்கட்டிலோ முன்னங்கையிலோ கட்டைவிரலின் அடியிலோ உண்டாகும் வலி அப்படிப்பட்டதன்று. அது நிலையிலுள்ள பிழையின் அறிவிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதைச் சாதகம் என்று எண்ணாதீர்கள். உடனே நிறுத்தி, கையைத் தளர்த்தி, வாத்தியப் பட்டையின் நீளம், மணிக்கட்டின் வளைவு, கட்டைவிரலின் அழுத்தம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே சோதியுங்கள். ஓய்வெடுத்தும் நீங்காத வலிக்கும் மரத்துப்போதலுக்கும் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கோடையில் இவ்வூரின் வெக்கை கையை எளிதில் வியர்க்கச் செய்யும். வியர்வை தந்தியைத் துருவேற்றும். துருவேறிய தந்தி விரலை அறுப்பதோடு நாதத்தையும் மங்கச் செய்யும். வாசிக்கும் முன் கையைக் கழுவித் துடையுங்கள்; வாசித்த பின் உலர்ந்த பருத்தித் துணியால் நான்கு தந்திகளையும் மேலும் கீழும் துடைத்து வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளே வாத்தியத்தை விட்டுச் சென்றால் கழுத்து வளைந்துவிடும். அப்புறம் எந்தக் கைநிலையும் உதவாது.

நாள்தோறும் அரைமணி

நீண்ட நேரம் வாரத்துக்கு ஒருமுறை வாசிப்பதைவிட, அரைமணி நேரம் நாள் தவறாமல் வாசிப்பது சிறந்தது. அந்த அரைமணியைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்:

முதல் 5 நிமிஷம்: அழுத்தச் சோதனையும், திறந்த தந்திகளில் இரு விரல் மாறி மீட்டலும்.

அடுத்த 10 நிமிஷம்: ஐந்தாவது ஃப்ரெட் முதல் எட்டாவது வரை 1, 2, 3, 4 விரல்களை வரிசையாகப் பதித்து, நான்கு தந்திகளிலும் ஏறி இறங்குதல்.

அடுத்த 10 நிமிஷம்: சந்த அப்பியாசமும், திஸ்ரம், கண்டம், மிச்ரம் ஆகியவற்றில் மீட்டலும்.

கடைசி 5 நிமிஷம்: கேட்டல். 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ போன்ற பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, குரலையும் கிதாரையும் ஒதுக்கி, கீழ்ஸ்தாயியை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது என்பதோடு, எங்கே முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோனோமின் வேகத்தைக் கூட்ட அவசரப்பட வேண்டாம். இடக்கையை எடுத்தாலும் வாத்தியம் அசையாமல் நிற்கிறதா, தேவைக்கு மேல் அழுத்தாமல் ஸ்வரம் தெளிகிறதா, இரு விரல்களின் ஒலியும் ஒன்றாக இருக்கிறதா, நினைத்த கணத்தில் நினைத்தபடி மௌனம் வருகிறதா என்னும் நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை சொல்ல முடிகிற நாளில், அடுத்த அத்தியாயத்திலுள்ள ஸ்வர வரிசைகளுக்குச் செல்லுங்கள். அதுவரை இங்கேயே இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரே ஸ்வரத்தைச் சரியாகத் தொடங்கிச் சரியாக முடிக்கத் தெரிந்தவரை எந்தக் குழுவும் மனமுவந்து ஏற்றுக்கொள்ளும்.